மூணுல ஒரு பங்கு உடுப்பு

ஏனுங்க, அந்தப் பொஸ்தகத்த ஒருக்கா குடுங்க, பாத்துட்டுத் தந்தர்றேன். அட, ஒன்பதாவது கணக்கு! பொண்ணுதுங்களா? அட்டையெல்லாம் போட்டு நல்லாத்தான் வெச்சிருக்குது. இருங்க, மூணாவது பாடம்... இந்தா இருக்குது பாருங்க. நேரியல் சமன்பாடுகள். இந்தப் பக்கத்தப் பாத்தா எனக்கு இப்பவும் நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி ஆயிருது.

சிரிக்காதீங்க. நான் டீச்சரெல்லாம் இல்லீங்க. பல்லடத்துக்குப் பக்கம் பனியன் கம்பெனியில பதினேழு வருசமா செக்கிங். ஆனா போன வருசம் பத்தாவது பரீட்சை எழுதுனேன். நாப்பத்தி நாலு வயசுல. பாஸ். பேரு துளசிமணி. சர்டிபிகேட்டுல அப்பன் பேரோட எழுத்து போட்டு எஸ். துளசிமணின்னு இருக்குது. இந்தப் பையிலதான் வெச்சிருக்கேன், அப்புறம் காட்டறேன்.

உங்களுக்கு எங்கீங்க எறங்கோணும்? உடுமலையா? அப்ப நேரம் கெடக்குது. நான் குடிமங்கலம். எங்களுக்குப் பாடம் எடுத்த மிஸ்ஸைப் பாக்கப் போறேன். கல்யாணம் பண்ணி அங்க குடுத்திருக்குது. ஹேமப்பிரியான்னு பேரு. இருவத்தஞ்சு வயசுகூட இருக்காது, எங்களையெல்லாம் பெஞ்சுமேல ஏத்தி நிக்க வெக்காத கொறைதான்.

எதுக்கு இந்த வயசுல படிப்புன்னு கேப்பீங்க. எங்க கம்பெனியில லைன் சூப்பர்வைசர் வேலை ஒண்ணு காலியாச்சு. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா உள்ள இருக்கறவங்களுக்கே தர்றோம்னு மேனேஜர் தம்பி சொன்னாரு. நவநீதன்னு பேரு, நல்ல புள்ளை. நான் ஒன்பதாவதோட நின்னவ. சரி, எழுதிப் பாத்தர்றதுன்னு, எங்க ஊரு நூலகத்துல ஞாயித்துக்கெழமை நடக்கற வகுப்புக்குப் போனேன். போய் உக்காந்து ஒரு வாரம் ஆகலீங்க, அடுத்த ஞாயிறு பாக்கறேன், வசந்தாமணி வாரா! நோட்டும் பேனாவுமா!

வசந்தாமணி ஆருன்னு சொல்லலியே. என்ற ஓரகத்தி. என்ற கொழுந்தனாரு சம்சாரம். அவ ஊட்டுக்கும் எங்கூட்டுக்கும் ஒரே செவுரு. அவளும் அதே கம்பெனிதான், பட்டன் மெஷின். ஆனா அப்பவே ஆறு வருசமாப் பேச்சு வார்த்தை இல்லீங்க.

காரணம் இருக்குது. குலதெய்வம் கோயில்ல கெடாவெட்டு. சமையக்காரங்களுக்கு அரிசிக் கணக்கு சொன்னது நானு. நூத்தம்பது பேருக்குப் போடச் சொன்னேன். என்ற கணக்கு தப்பில்லீங்க, வந்த சனம்தான் தப்பு. இருநூறுக்கு மேல வந்துட்டாங்க. மூணாவது பந்தியில சோறு தீந்துபோச்சு. அப்ப இவ என்ன பண்ணுனாத் தெரியுமா? எல்லாரு முன்னாடியும், "அக்காவுக்குக் கணக்கு அவ்வளவா வராதுங்க, நான் பாத்துக்கறேன்"ன்னு சொல்லிப்போட்டு, வண்டியில ஊட்டுக்கு ஓடி, எட்டுப் படி அரிசிய வேகவெச்சு அண்டாவோட கொண்டாந்து எறக்கிட்டா. என்ற மானத்தையே வாங்கிட்டா! சோறு சுடச்சுடத்தான் இருந்துச்சு, அது வேற. சனம் அவளைப் பாராட்டுச்சு. என்னைய ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை. அன்னைக்கு நிறுத்துனதுதான் பேச்சு. நான்தான் நிறுத்துனேன். அவ அப்பப்ப கொழம்பு குடுத்தனுப்புவா, காலி ஏனம் மட்டும் திரும்பிப் போகும்.

அப்பேர்ப்பட்டவ வகுப்புக்கு வந்தா எனக்கு எப்பிடி இருக்கும்? என்னையப் பாத்துத்தான் வந்திருக்கா, போட்டிக்கு. நூலகத்துல பெஞ்சு அஞ்சுதான், ஆளு பத்து. அவ வந்து என்ற பெஞ்சுலயே அந்த ஓரத்துல உக்காந்தா. நான் இந்த ஓரம். நடுவுல ரெண்டு பேரு பை.

இந்தப் பாடத்தை மிஸ்ஸு ரெண்டு ஞாயிறா நடத்துச்சு. "இது ஒன்பதாவது பாடந்தான், ஆனா இது தெரியாம பத்தாவது கணக்கு ஓரடி நகராது"ன்னு சொல்லிப்போட்டு நடத்துச்சு. மொத ஞாயிறு பிரதியிடல் முறை. அன்னைக்கு எனக்குக் காங்கயத்துல ஒரு கல்யாணம், போகலை. ரெண்டாவது ஞாயிறு நீக்கல் முறை. அன்னைக்கு அவளுக்குக் காச்சல், வரலை. ஆக எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது. கேட்டுக்கலாம்னா பேச்சு இல்லியே.

நீக்கல் முறை எப்பிடின்னு சொல்லட்டுங்களா? பொண்ணுக்கு ஆகும், கேட்டுக்குங்க. ரெண்டு சமன்பாடு இருக்குது. ரெண்டுலயும் எக்ஸும் இருக்குது, ஒய்யும் இருக்குது. ரெண்டு பேரும் ஆருன்னு தெரியாது. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதிக்கோணும். ஒய்க்கு முன்னால நிக்கற நம்பரை ரெண்டுலயும் ஒண்ணாப் பண்ணிப்போடோணும். அப்புறம் கூட்டறதோ கழிக்கறதோ, பாத்துப் பண்ணுனா ஒய் ஒழிஞ்சுபோயிரும். எக்ஸ் தனியா மாட்டிக்கும். எனக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு. வேண்டாததைத் தூக்கிக் கடாசிட்டுச் சோலியப் பாக்கறது. எனக்கு ஏத்த முறை.

அடுத்த வாரம் மிஸ்ஸு ஒரு டெஸ்ட் வெச்சுது. ரெண்டு எக்ஸ் கூட்டல் மூணு ஒய், இருவத்தாறு. எக்ஸ் கழித்தல் ஒய், மூணு. ரெண்டாவதை மூணால பெருக்குனேன், கூட்டுனேன், அஞ்சு எக்ஸ் முப்பத்தஞ்சு. எக்ஸ் ஏழு. ஏழைக் கொண்டுபோயி கீழ போட்டா ஒய் நாலு. சுலுவா முடிஞ்சுது. நிமிந்து, சும்மா இருக்காம, ஓரக்கண்ணுல அவ நோட்டைப் பாத்தேன். பாத்தா என்ன எழுதி வெச்சிருக்கா! எக்ஸ் இருக்கற எடத்துலயெல்லாம் எக்ஸையே காணோம். 'ஒய் கூட்டல் மூணு'ன்னு எழுதி வெச்சிருக்கா. ஒரு ஆளு எடத்துல இன்னொருத்தரை உக்கார வெக்கறது! ஆள்மாறாட்டமுங்க இது. செத்தா இன்னைக்குன்னு மனசுக்குள்ள எனக்கு ஒரே சந்தோசம்.

மிஸ்ஸு நோட்டை வாங்கிப் பாத்துச்சு. "துளசிமணி அக்கா சரி. வசந்தாமணி அக்காவும் சரி. ஏழு, நாலு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எந்திரிச்சு நின்னுட்டேன். "மிஸ், இவ என்னையப் பாத்து எழுதிட்டா! வழி பூராத் தப்பு, விடை மட்டும் எப்பிடி சரியா வரும்? காப்பி!"

வகுப்பே திரும்பிப் பாக்குது. வசந்தா நோட்டை மட்டும் மிஸ் பக்கமாத் திருப்பி வெச்சா. மிஸ்ஸுக்குச் சிரிப்பு அடக்க முடியலை. "அக்கா, அது பிரதியிடல் முறை. நீங்க வராத அன்னைக்கு நடத்துனது. எக்ஸும் ஒய்யும் மூணு வித்தியாசம்னா, எக்ஸுன்னு சொல்றதுக்குப் பதிலா ஒய் கூட்டல் மூணுன்னு சொல்லிக்கலாமில்ல? அப்ப ஒய் ஒண்ணுதான் தெரியாதது, கண்டுபுடிச்சர்லாம். வழிதான் ரெண்டு, விடை ஒண்ணு."

அதோட விட்டிருந்தாப் பரவால்லை. இன்னொண்ணும் சொல்லுச்சு. "நீங்க எக்ஸ் ஏழுன்னு கண்டுபுடிச்சு, அதைக் கொண்டுபோயி கீழ போட்டீங்கல்ல? அந்தக் கடைசி வரி பிரதியிடல்தான் அக்கா. உங்க கணக்குலயும் பாதி வசந்தாமணி அக்கா முறைதான்."

பாருங்க, ஊட்டுலதான் செவுரு ஒண்ணுன்னா கணக்குலயும் வந்து ஒட்டிக்கிட்டா. அன்னைக்கு நான் யாருகிட்டயும் சொல்லாம எந்திரிச்சு வந்துட்டேன். மன்னிப்பா? நான் எதுக்குங்க கேக்கோணும்? காப்பியடிச்ச மாதிரி இருந்துச்சு, சொன்னேன். அவ்வளவுதான்.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன்.

ஆடி மாசம், ஒரு வியாழக்கெழமை. கொழந்தைக உடுப்பு வெளிநாட்டுக்குப் போகுது. ரெண்டு தினுசு. ஒண்ணு கையும் காலும் சேந்த முழு உடுப்பு, அதுக்குப் பட்டன் அஞ்சு. இன்னொண்ணு சின்னச் சட்டை, அதுக்கு ரெண்டு. இருவத்தி நாலு பெட்டி, பெட்டிக்கு நாப்பது. ரெண்டு தினுசையும் கலந்து போட்டு, டேப் ஒட்டி, அடுக்கியாச்சு. நாலு மணிக்கு லாரி. முழு உடுப்பு எத்தனை, சட்டை எத்தனைன்னு எழுதுன தாளு லாரியோட போகோணும். அந்தத் தாள்ல டீ கொட்டிருச்சு. ஆரு கொட்டுனாங்கறது இப்ப எதுக்குங்க, கொட்டிருச்சு. எழுத்தெல்லாம் ஒரே நீலமா ஓடிப்போச்சு.

மேனேஜர் தம்பி தலையில கையை வெச்சுட்டாரு. "பெட்டியெல்லாம் பிரிச்சு எண்ணுனா லாரி போயிரும்க்கா. லாரி போனா கப்பல் போயிரும்." அப்ப மணி ரெண்டரை.

எனக்கு என்னமோ தோணுச்சுங்க. "தம்பி, மொத்தம் எத்தனை உருப்படி?"

"தொள்ளாயிரத்தி அறுபது."

"பட்டன் மெஷின்ல எத்தனை அடிச்சுதுன்னு நம்பர் காட்டுமில்ல, அதைப் பாத்துட்டு வரச் சொல்லுங்க."

ஆள் போயிப் பாத்துட்டு வந்தாங்க. மூவாயிரத்தி அறுநூத்தி ஏழு.

"தம்பி, இது நீக்கல் முறைங்க"ன்னேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. நான் ஒரு அட்டையக் கிழிச்சு, பெட்டிக்கு நம்பர் போடற பேனாவுல எழுதுனேன். முழு உடுப்பு எக்ஸ், சட்டை ஒய். ரெண்டும் சேந்து தொள்ளாயிரத்தி அறுபது. பட்டன் கணக்குல அஞ்சு எக்ஸ், ரெண்டு ஒய், மூவாயிரத்தி அறுநூத்தி ஏழு. மேல இருக்கறதை ரெண்டால பெருக்கிக் கழிச்சேன். ஒய் ஒழிஞ்சுது. மூணு எக்ஸ், ஆயிரத்தி அறுநூத்தி எம்பத்தி ஏழு. சுத்தி நின்ன பொண்ணுகெல்லாம் வாயப் பொளந்துட்டுப் பாக்கறாங்க. எனக்கு ஒரே பெருமை. மூணால வகுத்தேன்.

ஐநூத்தி அறுபத்தி ரெண்டு. மீதி ஒண்ணு.

அப்பிடின்னா, ஐநூத்தி அறுபத்தி ரெண்டு முழு உடுப்பும், அப்புறம் மூணுல ஒரு பங்கு உடுப்பும். மறுபடி வகுத்தேன். மறுபடியும் மூணுல ஒரு பங்கு. தம்பி சிரிக்காம மொகத்தை வெச்சுக்கிட்டு, "ஏனுங்க்கா, ஒரு கால் மட்டும் தனியாப் போயிருச்சுங்களா?"ன்னாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. கெடாவெட்டுல நின்ன மாதிரியே நிக்கறேன். காதெல்லாம் சூடாயிருச்சு.

ஆனா எனக்குத் தெரியுமுங்க, முறை தப்பில்லை. மொத்த உருப்படியும் தப்பில்லை, பெட்டி கண்ணு முன்னால நிக்குது. அப்பப் பட்டன் கணக்குலதான் கோளாறு. பட்டன் மெஷின்ல உக்காந்திருக்கறது ஆரு? அவதான்.

இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு இருவது அடி இருக்குமுங்களா. அந்த இருவது அடி நடக்கறதுக்குள்ள எனக்கு வேர்த்துப்போச்சு. போயி நின்னேன். அவ தலை நிமிரலை. நானும் அவளைப் பாக்கலை. மெஷினைப் பாத்துக் கேட்டேன்.

"ஏ மெஷினு, உன்ற நம்பர்ல ஏதோ தப்பு இருக்குது. காலையில இருந்து சும்மா ஏதாச்சும் அடிச்சியா?"

அவளும் மெஷினைப் பாத்தே சொன்னா. "ஏ மெஷினு, காலையில அச்சு மாத்துனப்ப வெறும் துணியில அடிச்சுப் பாத்தமே, ஏழு தடவை, அதைச் சொல்லு அக்காகிட்ட."

ஏழு!

எனக்கு அப்பிடியே உச்சி குளுந்துபோச்சுங்க. ஏழைக் கழிச்சா மூவாயிரத்தி அறுநூறு. மூணு எக்ஸ், ஆயிரத்தி அறுநூத்தி எம்பது. அவ கால் பக்கத்துல குத்தவெச்சு உக்காந்து தரையில சாக்குக்கட்டியில போட்டேன். நான் போட்டு முடிக்கறக்குள்ள அவ ஒரு துண்டுத் துணியில எழுதி எனக்கு முன்னால நீட்டறா. சட்டைக்குப் பதிலா 'தொள்ளாயிரத்தி அறுபது கழித்தல் எக்ஸ்'ன்னு போட்டு, அதே ஆள்மாறாட்டம். கீழ விடை. எக்ஸ் ஐநூத்தி அறுபது. ஒய் நானூறு.

நான் என்ற விடையப் பாத்தேன். ஐநூத்தி அறுபது. நானூறு.

"அதே வந்திருச்சு வசந்தா!"ன்னேன். வாய் தவறி வந்துருச்சுங்க. ஆறு வருசத்துல மொதல் வாட்டி. அவ மெஷினை நிறுத்திட்டு என்னைய நிமிந்து பாத்தா. "ஆமாங்க்கா"ன்னா. கண்ணெல்லாம் தண்ணி. தூசி விழுந்திருக்கும், அங்க பஞ்சுத் தூசி அதிகம்.

மேனேஜர் தம்பி ரெண்டு பேரு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. ஐநூத்தி அறுபது அஞ்சு ரெண்டாயிரத்தி எண்ணூறு, நானூறு ரெண்டு எண்ணூறு, சரியா மூவாயிரத்தி அறுநூறு. "ரெண்டு பேரு, ரெண்டு வழி, ஒரே விடை. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்"னு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. நாலு மணிக்கு லாரி கெளம்பிருச்சு. போய்ச் சேந்த எடத்துல எண்ணிப் பாத்து, சரியா இருக்குதுன்னு சேதி வந்துச்சு. அன்னைக்குக் கம்பெனியில எல்லாருக்கும் பஜ்ஜி.

அப்புறம் பேச ஆரம்பிச்சுட்டீங்களான்னா, அதெல்லாம் இல்லீங்க. கணக்கு மட்டும். பத்தாவதுல மூணு மாறி வருது, எக்ஸ், ஒய், கூட இசட்டும். அதுல மொதல்ல நீக்கி, அப்புறம் பிரதியிட்டாத்தான் விடை வரும், ஒரு முறை மட்டும் தெரிஞ்சாப் பத்தாது. அதனால சாப்பாட்டு நேரத்துல நான் அவளுக்கு நீக்கல் முறை சொல்லிக் குடுத்தேன். பாவம், நான் இல்லாட்டி அவளுக்கு அது வந்தே இருக்காது. ஒரே வாட்டி சொன்னேன், புடிச்சுக்கிட்டா. அவளும் பிரதியிடலைச் சொல்லிக் குடுத்தா. எனக்கு அது வர்றக்கு ஒரு நாலஞ்சு நாள் ஆச்சு, அவளுக்குச் சொல்லத் தெரியலை. பாக்கி இருக்கற பாடத்தையெல்லாம் சாயங்காலம் அவ எங்கூட்டுக்கு வந்து வாய்விட்டுப் படிப்பா, சந்தேகம்னா நோட்டுல போட்டுக் காட்டுவா. நான் சும்மா கேட்டுக்கிட்டு இருப்பேன். அவளுக்கு ஒரு தொணைக்கு.

பரீட்சையும் முடிஞ்சுது. ரெண்டு பேரும் பாஸ். கணக்குல எனக்கு நாப்பத்தி ஒண்ணு. அவளுக்கு எழுவத்தெட்டு. கேள்வித்தாள் ஒண்ணுதான். ஆனா நான் உக்காந்த எடத்துல ஃபேன் ஓடலீங்க.

சூப்பர்வைசர் வேலையா? எனக்குத்தான். இந்தச் சீலையே அதுக்கு எடுத்ததுதான். மொதல்ல அவளைத்தான் கூப்புட்டுக் கேட்டாங்களாம், மார்க்கு கூடங்கறதால. அவ வேண்டாம்னுட்டா. "எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க தம்பி, எட்ட இருக்கறது மங்கலாத் தெரியுது, அம்புட்டுப் பெரிய லைனைப் பாத்துக்க முடியாது. எங்கக்காவுக்குக் குடுங்க, அவங்களுக்குத்தான் அதட்டற வாய் இருக்குது"ன்னாளாம். தம்பிதான் சொன்னாரு. எனக்கே கேட்டுச் சங்கடமாப் போச்சு. இந்த வயசுலயே கண்ணு போயிருச்சு பாருங்க. கண்ணாடி போடு அம்மிணின்னா, சிரிச்சுட்டுப் போயிர்றா. அதுக்கப்புறம் நான்தான் அவளை எங்க போனாலும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். ரோடு தாண்டறப்ப, படி எறங்கறப்ப. சொன்னா மாட்டேங்க மாட்டா, புடிச்சுக்குவா.

இன்னைக்கும் வந்திருக்காளே. அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, கனகாம்பரம் வெச்சிருக்கறது. மிஸ்ஸுக்குத் தேங்காப்பால் முறுக்கு சுட்டு எடுத்துட்டு வாரா. பக்கத்துல பக்கத்துல எப்பிடிங்க உக்கார்றது, பேச்சு வார்த்தை இல்லியே. பன்னெண்டாவது கணக்கு வரைக்கும் படிக்கலாம்னு இருக்கோம், அது முடியட்டும், பாக்கலாம்.

என்ன வசந்தா? ... இங்கிருந்தே கேக்குது, சொல்லு!

எங்க? வேப்பமரத்துக்கு அந்தாண்டயா? எனக்கு ஒண்ணும் தெரியலியே, ஒரே வெயிலு. உங்களுக்குத் தெரியுதுங்களா? ஓ, அவ்வளவு தூரத்துல கல்லு இருக்குதா. குடிமங்கலம் ஒரு கிலோமீட்டர்னு போட்டிருக்குதாம், வசந்தா படிச்சுச் சொல்றா, சாமான எடுத்துக்கோணுமாம்.

இந்தாங்க பொஸ்தகம். சர்டிபிகேட்டு காட்டறேன்னேன், நேரமில்லாமப் போச்சு. பொண்ணுகிட்டச் சொல்லுங்க, ரெண்டு முறையும் படிச்சு வெக்கட்டும். கொஞ்சம் வழி விடுங்க, நான் முன்னால போயாகோணும்.

ஏ வசந்தா, எந்திரிக்காத! பஸ்ஸு நிக்கட்டும், நான் வந்து கையப் புடிச்சுக்கறேன். படி தெரியாம விழுந்து கிழுந்து வெச்சராத!